சத்தம் போட்டவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும்

எல்க் பிரைரி
ஜூலை கடைசி ஞாயிறு

அன்பு மகன் ஆண்டர்ஸுக்கு அம்மா எழுதுவது.

கடலும் காற்றும் உன்னிடம் கொஞ்சம் இரக்கத்தோடு நடந்துகொள்கின்றன என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை பிரிட்டா மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், உடம்புக்கு என்றுதான் சொல்கிறேன், மற்றதைக் கீழே எழுதுகிறேன். சோளம் இந்த வருஷம் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது, மழையும் குறை வைக்கவில்லை. உன் மீன்பிடிப் படகு அலாஸ்காவில் கோடியாக்கில் கரை ஏறும்போதுதான் உனக்குத் தபால் கிடைக்கும் என்று தெரியும், அதற்குள் யாராவது அந்த வீடியோவை உன் போனுக்கு அனுப்பியிருப்பார்கள். நம் ஊர் மைதானத்தில் பிரிட்டாவின் அணிவகுப்பு வாத்தியக் குழு, ஹெரன் அணி, வாசித்ததும், நடுவில் ஒரு பெண் எழுந்து நின்று கத்துவதும் அதில் இருக்கிறது. அதைத் திறக்காதே, கண்ணு. முதலில் இதைப் படித்து முடி.

நீ பிரிட்டாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் என்னிடம் காட்டினாள். 'ராய்ஸ் செத்ததை வச்சு மெடல் வாங்கப் போறியா' என்று கேட்டிருந்தாய். உன்னைத் திட்ட நான் இதை எழுதவில்லை. நம் ஊரில் பாதிப் பேர் இதையேதான் கேட்டார்கள், மளிகைக் கடை வரிசையில் என் காதுபடவே ஒருத்தி, பிரண்ட்வோல்ட் வீட்டுப் பொண்ணு நம்ம சாவை டிக்கெட் போட்டு விக்கிறா என்றாள், நான் தக்காளியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உனக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது, நடந்ததை முதலிலிருந்து நானே சொல்லிவிடுகிறேன்.

பனிக்காலத்தில் அணிக்கு ஒரு புது ஆள் வந்தார், கீகன் என்று பெயர், அரிசோனாக்காரர், இந்த வருஷ நிகழ்ச்சியை அமைத்துக் கொடுக்க வந்தவர். ராய்ஸைப் பலி வாங்கிய நம் சோளக் கிடங்கை அவர் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. அவர் பிள்ளைகளை உட்காரவைத்து, உங்க வாழ்க்கையில கேட்ட சத்தத்துல மறக்க முடியாதது எதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க என்றாராம். பிரிட்டா, கிடங்கு வெடித்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்து வாத்திய அறையில் தனியாக இருந்தாள் அல்லவா, வெடிச் சத்தத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்த டிரம் எல்லாம் யாரும் தொடாமல் தானாக அதிர்ந்ததைச் சொன்னாளாம். சொல்லிவிட்டு அழுதாளாம். கீகன் அதைப் பிடித்துக்கொண்டு மொத்த நிகழ்ச்சியையும் அதன் மேல் கட்டிவிட்டார், கிடங்கு வெடித்தது சோளத் தூசி பற்றிக்கொண்டுதானே, 'தூசி' என்று பெயரும் வைத்துவிட்டார். மே மாசம் வரைக்கும் எங்களிடம் அவள் மூச்சுக்கூட விடவில்லை. சொன்ன அன்றைக்கு அப்பா சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்துபோய்ப் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூனில், போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போகும் அணியோடு வருகிற சமையல் லாரிக்கு ஆள் குறைகிறது என்றார்கள், நான் கிளம்பிவிட்டேன். சமைக்க என்று சொல்லிக்கொண்டு போனேன், உண்மையில் அவளைக் கண்ணில் வைத்துக்கொள்ளத்தான் போனேன். நீ ஒரு வருஷம்கூட வாசித்ததில்லை, அதனால் சொல்கிறேன். நிகழ்ச்சி தொடங்கும்போது எக்காளம் ஒன்றும் கிடையாது, சின்ன டிரம் வாசிக்கிறவர்கள் விரல் நுனியாலும் தூரிகையாலும் தோலைத் தடவுவார்கள், தானியம் குழாயில் இறங்குகிற மாதிரி சரசரவென்று வரும். அதன் மேல் பித்தளை வாத்தியம் ஒவ்வொன்றாக ஏறும், ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். மைதானத்தில் ஒருவரும் அசைய மாட்டார்கள். அப்புறம் பிரிட்டாவின் பெரிய டிரம் முதலில் விழும், அதோடு அத்தனை பேரும் சேர்ந்து அடிப்பார்கள், கொடி சுழற்றும் பிள்ளைகள் ஆரஞ்சுத் துணியை ஆகாயத்தில் வீசுவார்கள். நெஞ்செலும்பில் வந்து இடிக்கும். அதற்குப் பிறகு ஒரு பெரிய மௌனம், கடைசியில் மெதுவாக ஒரு இசை, முடிந்தது.

டெக்ஸாஸில் அந்த அடி விழுந்ததும் மொத்தக் கேலரியும் எழுந்து நின்றது. விசில், கூச்சல், தொப்பி எல்லாம் பறக்கிறது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர், மடியில் இருந்த சீஸ் சிப்ஸைக் கொட்டிவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கி, அம்மாடி, உசுரே போயிடுச்சுங்க, இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்க என்றார். அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு என்ன தெரியும்? பாடுபட்டு உழைத்த பிள்ளைகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், அவ்வளவுதான். உன் தங்கை வியர்வையோடு ஓடி வந்தாள், முகமெல்லாம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது, நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தேன்.

ஒஹாயோவில் வேறு கதை. பழைய அணிகளின் கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிற கிழவர்கள் அங்கே நிறைய. நம் அணி வாசித்து முடிக்கும் வரைக்கும் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சாப்பாட்டு வரிசை வரைக்கும் வந்து என்னிடமே, எல்லாம் சரிதாம்மா, பாட்டு எங்க, வீட்டுக்குப் போறப்ப நான் எதை முணுமுணுத்துக்கிட்டுப் போறது என்று கேட்டார். அடுத்த அணி பழைய அணிவகுப்புப் பாட்டு ஒன்றை எடுத்ததும் அதே ஆள் முட்டிவலியை மறந்து எழுந்து நின்று அழுதார். டிரம் வாசித்துப் பழகியவர்கள் வேறு யாருக்கும் விளங்காத ஏதோ ஒரு இடத்தில் காட்டுக் கத்தல் கத்துவார்கள். பெற்றவர்களுக்கு நிகழ்ச்சியே தெரியாது, தன் பிள்ளை கடந்துபோகும் திசையில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அதற்கு மட்டும் கை தட்டுவார்கள். நானும் அப்படித்தான்.

பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரி ஊர். மைதானம் சின்னது. அங்கே அடி விழுந்தது, ஒருவர் கத்தவில்லை. ஒரு கை தட்டல் இல்லை. அங்கங்கே ஆண்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் பதறிப்போய்விட்டார்கள். பிரிட்டா டிரம்மைத் தோளிலிருந்து இறக்காமலே லாரிக்கு வந்து, அம்மா, நாங்க சொதப்பிட்டோமா, ஒருத்தர்கூட ஒண்ணும் பண்ணலயே என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்து நின்றாள், இது எந்தச் சுரங்கம்மா என்று கேட்டாள். சுரங்கம் இல்லைங்க, சோளக் கிடங்கு என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, எங்களுக்கு அது சுரங்கம்தான் என்று சொல்லி, பிரிட்டாவின் டிரம் மேல் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் டெக்ஸாஸில் போட்டதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அன்றிலிருந்துதான் நம் ஊரில் என்ன ஆகுமோ என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். நம் ஊர் நிகழ்ச்சிக்கு வெளியூர் ரசிகர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள், அவர்கள் டெக்ஸாஸ் மாதிரி. நம் ஜனம் எதிர்க் கேலரியில் உட்காரும். இரண்டும் ஒரே மைதானத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு.

ஊருக்குத் திரும்பினால் ஆணிக்கடை லேலண்ட் தன் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த ஹெரன் படத்தைக் கிழித்துப் போட்டிருந்தார். இருபது வருஷமாக ஒவ்வொரு வருஷமும் ஒட்டியவர். போன் மணி அடித்தாலே பிரிட்டா மாடிக்குப் போய்விடுவாள். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் அணித் தலைவர் பிரூயிட் வீட்டுக்கு வந்திருந்தார், அந்த நேரம் பார்த்து ராய்ஸின் மனைவி ஜோலினும் வந்துவிட்டாள். என் சமையலறையில் மூன்று பேரும் நின்றுகொண்டிருக்கிறோம், ஒருவரும் உட்காரவில்லை, நான் காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தேன், யாரும் குடிக்கவில்லை. பிரூயிட் பாவம், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, இங்க மட்டும் அந்த அடியை எடுத்துடறோம், மெதுவா வாசிச்சுடறோம் என்றார். ஜோலின் வேண்டாம் என்றாள். சரி, அப்ப அந்த எடத்துல யாரும் சத்தம் போடக்கூடாதுன்னு மைக்குல சொல்லிடறோம் என்றார். அதற்கும் அவள், சொல்லிக்குடுத்து வர்ற மௌனம் எனக்கு எதுக்கு, என் எதிர்ல யாரும் நடிக்க வேண்டாம், நீங்க எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசிங்க, நான் வருவேன் என்றாள். கதவு வரைக்கும் போய்விட்டு என் பக்கம் திரும்பி, ஆனா மார்லிஸ், வெளியூர்க்காரன் எவனாவது அந்த எடத்துல விசில் அடிச்சான்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது, முன்கூட்டியே சொல்லிட்டேன் என்றாள். மாடிப்படியில் உட்கார்ந்து பிரிட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, நான் வாசிக்கல, வேற யாராவது அடிக்கட்டும் என்றாள். ஜோலின் வாசலில் இருந்தே, நீதான் ஆரம்பிச்ச, நீயே அடி என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதைக் கோபத்தில் சொன்னாளா, வேறு எப்படிச் சொன்னாளா என்று எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வாரம் முழுக்க விளங்கவில்லை.

அப்பா என்ன செய்தார் என்று நீ கேட்பாய். ஊர்த் தீயணைப்புப் படையில் இருக்கிறவர் ஆயிற்றே, மைதானத்துல எப்படியும் தீயணைப்பு வண்டி ஒண்ணு நிக்கணும், நான் நிக்கிறேன் என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

நிகழ்ச்சி அன்றைக்குச் சாயங்காலம் வானம் தெளிவாக இருந்தது, விளக்குப் போட்டும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வெளியூர்க் கேலரி நிறைந்து வழிகிறது. நம் பக்கம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் சர்ச்சில் சாவுக்கு உட்கார்ந்த மாதிரி, ஒரு சிரிப்புக் கிடையாது, பாப்கார்ன் விற்கிறவன்கூட நம் பக்கம் குரல் கொடுக்கவில்லை. ஜோலின் எனக்கு இரண்டு வரிசை கீழே தனியாக உட்கார்ந்தாள், அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டிருந்தார்கள். லேலண்டும் வந்திருந்தார், வர மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு. விரல் தடவுகிற சத்தம் தொடங்கியது. நான் மைதானத்தைப் பார்க்கவே இல்லை, ஜோலினின் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ அடி வரும், இதோ வரும் என்று என் நகம் என் முழங்காலில் பதிந்து கிடந்தது. ஒரு தரம் தீயணைப்பு வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அப்பா அங்கே இல்லை. எழுந்து போய்த் தேடவும் முடியாது, நடுவில் மாட்டிக்கொண்டேன். எல்லாம் நின்றது. அப்புறம் உன் தங்கை அடித்தாள்.

எதிர்க் கேலரி வெடித்தது. வேறு எப்படிச் சொல்வது. ஆயிரக்கணக்கான பேர் எழுந்து, விசில், ஊளை, கால் உதைப்பு. நம் பக்கம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து நம் ஆள் ஒருவன், வாயை மூடுங்கடா நாய்ங்களா என்று கத்தினான். லேலண்ட் எழுந்து படியில் இறங்க ஆரம்பித்தார். அப்போது ஜோலின் எழுந்து நின்றாள். போச்சு என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் முஷ்டி பிடித்து இடுப்போடு வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து கத்தினாள். பேர் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவில்லை, எதிர்ப் பக்கத்தை நிறுத்தச் சொல்லியும் கத்தவில்லை. அவர்களோடு சேர்ந்துதான் கத்தினாள். மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும். எதிர்ப் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டார்கள், இவள் சத்தம் மட்டும் தனியாக நின்றது. மைதானத்தில் அது மௌனம் வரவேண்டிய இடம். முன்னால் நின்று அணிக்குத் தாளம் காட்டிக் கை அசைக்கிற பையன் தூக்கிய கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தான், நேரம் கடந்தால் மதிப்பெண் போகும் என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் அவள் முடிக்கும் வரைக்கும் வைத்திருந்தான். பிரிட்டா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள், கன்னத்தில் ஓடுவதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. ஜோலின் உட்கார்ந்தாள். பையன் கையை இறக்கினான். மெதுவான இசை தொடங்கியது.

முடிந்ததும் நம் பக்கம் சிலர் கை தட்டினார்கள், சிலர் அழுதார்கள், சிலர் எதுவுமே செய்யாமல் எழுந்து போனார்கள். லேலண்ட் திரும்பி வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் என்னிடம் பேசவும் இல்லை. ஊர் ஒன்றாகிவிட்டது என்று உனக்கு யாராவது எழுதினால் நம்பாதே. சர்ச்சில் இப்போதும் இரண்டு கட்சிதான். நான் ஜோலினிடம் ஓடினேன். கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பாருங்க, நீங்களும் இப்படித்தான் பேசுறீங்க, அவரு போனதுலேர்ந்து இந்த ஊரே என் முன்னாடி குசுகுசுன்னுதான் பேசுது, கடைக்குப் போனா ரேடியோவைக் குறைக்கிறாங்க, அவ்வளவு பெரிய சத்தத்துல என் புருஷன் போனாரு, அதுக்கு அப்புறம் ஒருத்தர் வாய்லேர்ந்து ஒரு சத்தம் வரல, இன்னைக்குத்தான் வந்துச்சு, யாரோ என்னவோ, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா அந்த அளவுக்குச் சத்தம் போட்டாங்க என்றாள். தொண்டை கட்டிப்போய்விட்டது அவளுக்கு, கரகரத்த குரலில் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

அப்பாவை வண்டி நிறுத்தும் இடத்தில் கண்டுபிடித்தேன். நம் வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார், மாரடைப்போ என்று பயந்துபோனேன். அந்த அடியைத் தாங்க முடியாமல் வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அடியா, அது எனக்குக் கேக்கவே இல்ல மார்லிஸ் என்றார். ஆரம்பத்துல சரசரன்னு விட்டாங்க பாரு, அதுதான். ராய்ஸைத் தேடிச் சோளத்தைத் தோண்டுறப்ப நாங்க அள்ள அள்ள மேலேர்ந்து சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, கையை எடுத்தா குழி மூடிடும், அந்தச் சத்தம்தான் என்றார். கூடப் படுத்து எழுகிற எனக்கு இதை அவர் சொன்னதே இல்லை. நான் அடியை அடியை என்று காவல் காத்துக்கொண்டிருந்தேன், என் வீட்டு ஆளை அந்தத் தடவல் சத்தம் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்விட்டது. பிரிட்டா சீருடையோடு வந்து, அப்பா, என்னை மன்னிச்சிடுங்க என்றாள். அவர் நிமிர்ந்து, அவள் தலைத் தொப்பியை நேராக்கிவிட்டு, நீ நல்லாத்தான் வாசிக்கிற, அதுதான் பிரச்சனையே என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இதையெல்லாம் ஏன் இத்தனை நீளமாக எழுதுகிறேன் என்றால், ஆண்டர்ஸ், கிடங்கு வெடித்த அன்றைக்கு நீ அங்கே லாரிகளை எடை போடும் மேடையில் நின்றிருந்தாய் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். நீ என்ன கேட்டாய், என்ன பார்த்தாய் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வீடியோவில் உன்னைப் பிடிக்கப்போகிற இடம் எது என்று எனக்குத் தெரியாது. அடியாக இருக்கலாம், ஆரஞ்சுத் துணியாக இருக்கலாம், அந்த மௌனமாகவும் இருக்கலாம். அதனால் அறையில் தனியாக உட்கார்ந்து பார்க்காதே, படகில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். பார்க்கவே வேண்டாம் என்றாலும் சரி, உன்னை யாரும் கோழை என்று சொல்லமாட்டார்கள். பிரிட்டா மேல் கோபம் போகவில்லை என்றால் கோபமாகவே ஒரு வரி எழுதிவிடு, பதில் வராத போனை அவள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. குளிர் தொடங்கும் முன் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன், ஈரக் காலோடு தூங்காதே, காப்பியைக் குறை, வயிற்றுக்குச் சாப்பிடு.

ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் இறுதிச் சுற்று. ஜோலின் எங்களோடு சமையல் லாரியில் வருகிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறேன் என்று பேர் கொடுத்திருக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். ஆண்டர்ஸ்கிட்ட சொல்லுங்க, அவன் என் முன்னாடி மெதுவாப் பேச வேண்டியதில்லன்னு என்றாள், அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். அப்பா வண்டி ஓட்டிக்கொண்டு வருவார், ஆனால் அரங்குக்குள்ளே கால் வைக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார், வெளியே வண்டியிலேயே இருப்பாராம். உன்னால் வர முடிந்தால் வா மகனே. உள்ளே வந்து எங்களோடு உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளியே அவர் தனியாக இருப்பார், அவர் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும்.

ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் காவலாக இருக்கட்டும், அலை உன்னை மெதுவாகக் கரையில் சேர்க்கட்டும். கரை ஏறியதும் மறக்காமல் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா
மார்லிஸ் பிரண்ட்வோல்ட்